குடல் நலமே குடி நலம்

(காஞ்சிபுரம் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காஞ்சி நகருக்கு வருவோர் கோயிலைப் பற்றிப் பேசுவர். பட்டைப் பற்றிப் பேசுவர். நாம் இன்று வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது கூட்டத்தில் பேசத்தக்க பொருள்தானா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால், வீட்டில் ஒருவருக்கு வயிறு கெட்டால் என்ன நேருகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். தறி நிற்கிறது, அன்றைய கூலி போகிறது. அறுவடை வேளையில் ஓர் ஆள் குறைகிறார். குழந்தை பள்ளிக்குச் செல்வதில்லை. மருந்துக் கடைக்குப் பணம் போகிறது. ஊர் முன்னேற்றத்துக்கு நாம் போடும் திட்டங்கள் எல்லாம், உண்ட உணவு உடலில் ஒட்டாத மக்களிடத்தில் பாதி பயனே தரும். ஆகவே குடல் நலம் என்பது குடியின் நலம். குடியின் நலம் ஊராட்சியின் பொறுப்பு.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதில் மூலிகை ஒன்றின் பெயரையும் அவர் குறிப்பிடவில்லை. உண்ணும் முறையையும் அளவையுமே பெரிதும் பேசுகிறார். நம்முடைய இன்றைய பேச்சும் அந்த வழியிலேயே செல்லும். புதிய பொடியோ, விலையுயர்ந்த டப்பா உணவோ வாங்கச் சொல்லி நாம் வரவில்லை. அன்றாடம் உலையில் ஏறும் உணவைப் பற்றியே சொல்லப் போகிறோம்.

குடலுக்குள் வாழும் குடும்பம்

நாம் உண்ணும் உணவின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது. செரிக்காமல் எஞ்சும் நார்ப்பொருளும் ஒருவகை மாவுப்பொருளும் பெருங்குடலை அடைகின்றன. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. கிருமி என்றாலே நோய் என்று நாம் எண்ணப் பழகிவிட்டோம். ஆனால் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் எருவை மக்கச் செய்து பயிருக்கு ஊட்டுவதை உழவர்கள் அறிவீர்கள். அதுபோலவே குடல்வாழ் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளை நொதிக்கச் செய்து சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்களே பெருங்குடலின் உட்சுவருக்கு உணவாகின்றன. நீரையும் உப்பையும் உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளத் துணை செய்கின்றன. எரு இடாத நிலம் சாரம் இழப்பது போல, நார் இல்லாத உணவை உண்பவரின் குடலும் நாளடைவில் நலிகிறது.

இத்துறையில் நம் பக்கத்து ஊராகிய வேலூருக்கு உலகப் புகழ் உண்டு. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், சிறுகுடலில் வாழும் நுண்ணுயிர்கள் சில 'பி12' என்னும் உயிர்ச்சத்தை உண்டாக்க வல்லவை என்பதை 1980இல் கண்டு வெளியிட்டார்கள். 2000இல் அதே கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் பி. எஸ். இராமகிருஷ்ணாவும் அவருடன் ஆய்வு செய்தோரும் வேறொரு செய்தியைக் காட்டினார்கள். காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத மாவுப்பொருளைச் சேர்த்துக் கொடுத்தபோது நீரிழப்பு குறைந்தது. நோயும் விரைவில் தணிந்தது. பெருங்குடல் நுண்ணுயிர்களுக்கு உணவளித்தால் அவை நமக்குத் துணை நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோயில் இட்டலி தரும் பாடம்

வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்பெறும் காஞ்சிபுரம் இட்டலியை அறியாதார் இல்லை. பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்க வைக்கிறார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்க்கிறார்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பொருத்தி, மாவை ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேக வைக்கிறார்கள். அதனால் அதற்குக் குடலை இட்டலி என்றும் பெயர்.

இதில் அடங்கியுள்ள அறிவு மூன்று. முதலாவது, அரிசியும் பருப்பும் சேர்ந்தது. அரிசியின் புரதத்தில் குறைவாக உள்ளதை உளுந்து நிரப்புகிறது. உளுந்தில் குறைவாக உள்ளதை அரிசி நிரப்புகிறது. இரண்டாவது, புளிக்க வைத்தது. இரவெல்லாம் மாவில் பெருகும் நுண்ணுயிர்கள் மாவை மிருதுவாக்கிச் செரிப்பதற்கு எளிதாக்குகின்றன. தானியத்தில் இரும்பு முதலிய தாதுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் பொருளைக் குறைத்து, அவற்றை உடல் ஏற்குமாறு செய்கின்றன. மூன்றாவது, எண்ணெயில் பொரிக்காமல் ஆவியில் வேகவைத்தது. இட்டலி வேகும்போது அந்த நுண்ணுயிர்கள் மடிந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் அவை செய்துவைத்த வேலை நமக்குப் பயன்படுகிறது. உயிருள்ள நுண்ணுயிர்களைப் பெற வேண்டுமானால் தயிரும் மோரும் இருக்கின்றன. தோய்த்த தயிரில் நீர் சேர்த்துக் கடைந்த மோர், கோடையில் உழவனுக்கும் நெசவாளிக்கும் ஒருங்கே ஏற்ற பானமாகும்.

இந்த இட்டலியை நாள்தோறும் ஒவ்வொரு வீட்டிலும் செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நெய்யும் நேரமும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தானியமும் பருப்பும் கலந்து புளிக்க வைக்கும் அந்த முறை ஏழை வீட்டுக்கும் எட்டும் என்பதையே எடுத்துக் காட்டுகிறோம்.

பழைய சோற்றை இகழாதீர்

பழைய சோறு ஏழையின் உணவு என்று ஒரு தலைமுறை அதைக் கைவிட்டது. இன்று மருத்துவர்களே அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் இரைப்பை, குடல் மருத்துவத் துறையினர், மாநில அரசின் உதவியோடு பழைய சோற்றின் பயனைப் பற்றி ஆய்வு மேற்கொண்டனர். வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுப்பொருளில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்தை அடைகிறது. வேலூர் ஆய்வில் நாம் கண்ட வகையைச் சேர்ந்த பொருளே அது. இரவு நீரில் ஊறும்போது தயிரில் உள்ளவற்றை ஒத்த நுண்ணுயிர்கள் அதில் பெருகுகின்றன.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். ஒன்று, மிகைக் கூற்றுகளை நம்ப வேண்டா. பழைய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகிவிடும் என்று சொல்வாருண்டு. இரும்பு ஒரு தாது. நுண்ணுயிர் அதைப் படைக்க முடியாது. இருப்பதை உடல் எளிதில் ஏற்கச் செய்யலாம், அவ்வளவே. இரத்தச் சோகை உள்ள பெண்கள் பழைய சோற்றை நம்பி இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடலாகாது. மற்றொன்று, தூய்மை. சோற்றில் ஊற்றும் நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவி உலர்ந்ததாக இருக்க வேண்டும். மூடி வைக்க வேண்டும். காலையிலேயே உண்டுவிட வேண்டும். கெட்ட நாற்றமோ நிறமாற்றமோ கண்டால் கொட்டிவிட வேண்டும். நீரும் ஊற்றாமல் வெப்பத்தில் வெறுமனே கிடந்த சோறு நஞ்சாகக் கூடும்; அதை மீண்டும் சுடவைத்தாலும் நஞ்சு நீங்குவதில்லை.

தீட்டிய அரிசி மட்டும் போதுமா?

நீலகிரியில் குன்னூரில் இருந்த உணவு ஆய்வு நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் என்னும் அறிஞர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே அளித்து ஆராய்ந்தார். முழுக் கோதுமை, பால், பயறு, கீரை, காய்கறி ஆகியவற்றை உண்டவை நலமாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் மற்றவற்றைச் சிறிதாகவும் உண்டவை நலிந்தன. அவற்றுக்கு வயிற்று நோய்களும் மிகுதியாகக் கண்டன. 1918இல் தொடங்கிய அந்த ஆய்வுப் பணியே பின்னர் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரையும் காய்கறியுமாக 400 கிராம், பழம் 100 கிராம் என்று ஒரு தட்டை வகுத்துக் காட்டியிருக்கிறது. நம் இலையில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது. சோறு மலைபோல் இருக்கிறது. பொரியல் விரல் நுனியளவு இருக்கிறது.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருள் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. தீட்டிய அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 3 கிராம் நாரே உண்டு. கேழ்வரகில் 11 கிராம் உண்டு. ஆகவே மூன்று வேளையும் வெள்ளைச் சோறே உண்பவர், வயிறு நிறைந்தும் குடலைப் பட்டினி போடுகிறார். ஒருவேளை கேழ்வரகுக் கூழோ களியோ, கம்பஞ்சோறோ உண்டால் போதும். பெரும் மாறுதல் காணலாம். 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது. நம் பாட்டிமார்களுக்கு அந்த அறிவிப்பு தேவைப்பட்டிருக்காது.

உழவர்களே, இதில் உங்கள் பங்கு பெரிது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பருவமும் நெல்லையே நாடும் நாம், வாய்ப்புள்ள இடத்தில் ஒரு பருவத்துக்காவது உளுந்தோ பாசிப்பயறோ விதைத்தால் மண்ணுக்குத் தழைச்சத்து, வீட்டுக்குப் பருப்பு. வரப்பிலே அகத்தி, கொல்லையிலே முருங்கை, கழிவுநீர் படாத ஓரத்திலே தண்டுக்கீரை, வாழை என்று வைத்தால் காய்கறிக் கடைக்குப் போகும் பணம் வீட்டிலேயே தங்கும்.

ஒன்று மறவாதீர். நார்ப்பொருளைத் திடீரென்று மிகுதியாக்கினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு ஆகியவற்றின் உப்பையும் கணக்கில் வையுங்கள். நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டியதில்லை.

தறியில் கேட்ட கேள்வி

நெசவாளர் தெரு ஒன்றில் இவற்றையெல்லாம் நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். குழித்தறியில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார், பிறகு சொன்னார்: "ஐயா, நீங்கள் சொல்வது சரிதான். விடிந்ததும் டீ குடித்துவிட்டு உட்காருகிறேன். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும். எழுந்தால் பக்கத்தில் கோர்வை போடும் பையனும் சும்மா இருப்பான். சேலை முடிந்தால்தானே கூலி?" அவருக்குப் பல ஆண்டுகளாக மலச்சிக்கல், மூல நோயும் உண்டு. நமக்கு உடனே விடை வரவில்லை. அறிவுரை சொல்வது எளிது. கூலிக்கு உழைப்பவர் அதைக் கடைப்பிடிப்பது எளிதன்று.

ஆகவே அவரோடு சேர்ந்தே வழி தேடினோம். தார் தீர்ந்து மாற்றும்போது கை எப்படியும் நிற்கிறது. அந்த நேரத்தில் எட்டும் இடத்தில் வைத்த சொம்பிலிருந்து இரண்டு மிடறு நீர் குடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, தெரு முனை வரை நடந்து வரலாம். பையனுக்கும் அது நல்லது. வெறும் டீயோடு அமராமல் ஒரு கிண்ணம் கூழோ பழைய சோறும் மோருமோ உண்டு அமரலாம். காலைக்கடன் வந்தால் அடக்காமல் உடனே எழ வேண்டும். அடக்கி அடக்கி இறுகிய மலமே மூலத்துக்கு வழி கோலுகிறது. புகையிலை மெல்லும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மலத்தில் இரத்தம், மலம் கருத்துப் போதல், காரணமின்றி எடை குறைதல், நடுவயதுக்கு மேல் மலம் கழிக்கும் வழக்கம் திடீரென மாறுதல் ஆகியவை கண்டால், மூலம்தான் என்று தாமே முடிவு செய்துகொள்ளாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்தப் பெரியவர், "தார் மாற்றும்போது குடிக்கலாம், அது முடியும்" என்றார். முடியும் என்று ஒருவர் ஒப்புக்கொண்ட ஒரு செயல், முடியாத பத்து அறிவுரைகளைவிட மேலானது.

நீர் கெட்டால் உணவு வீண்

எத்துணை நல்ல உணவு உண்டாலும், குடிக்கும் நீரில் சாக்கடை கலந்தால் பயனில்லை. காலரா, டைபாய்டு, மஞ்சட் காமாலையில் ஒருவகை, சீதபேதி எல்லாம் மலம் கலந்த நீராலும் ஈ மொய்த்த உணவாலும் கழுவாத கையாலும் பரவுபவை. அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தையின் குடல், உண்டதை உறிஞ்சும் திறனை இழக்கிறது. குழந்தை வளர்ச்சி குன்றுகிறது. கொக்கிப்புழுவோ, மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியே புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கிறது. ஆகவே கழிப்பறை, செருப்பு, சோப்பு ஆகிய மூன்றும் உணவைச் சேர்ந்தவையே என்று கருதுங்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளில் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தாதீர்.

வயிற்றுப்போக்கு கண்டால் உணவையும் நீரையும் நிறுத்துவது பழைய தவறு. உயிரைக் குடிப்பது நீரிழப்பே. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசற்பொட்டலம் இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. அது கைக்கு வரும்வரை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். உப்பு கூடிவிடலாகாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர். அரிசிக் கஞ்சியும் கொடுக்கலாம். குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிய கிருமிக்கொல்லி மாத்திரையைக் கொடுப்பது, நோய்க்கிருமியோடு நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் அழித்துவிடும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

நம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை நீங்கள் அறிவீர்கள். குடவோலை முறையை எடுத்துக்காட்ட அவற்றை எல்லாரும் சொல்வதுண்டு. நாம் வேறொன்றைக் காட்ட விரும்புகிறோம். அவ்வூர்ச் சபை அமைத்த வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். மற்றொன்று தோட்ட வாரியம். நீரும் தோட்டமும் ஊர்ச் சபையின் நேர்ப் பொறுப்பு என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் எழுதி வைத்தார்கள். குடல் நலத்துக்கு வேண்டியவையும் அவ்விரண்டே.

ஆகவே ஒவ்வோர் ஊராட்சியும் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுகிறோம். முதலாவது, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைக் குறித்த தேதியில் கழுவி, அத்தேதியைத் தொட்டியின் மீதே எழுதுங்கள். இரண்டாவது, குளோரின் கலப்பதோடு நில்லாமல், கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சுகிறதா என்று சோதியுங்கள். சாக்கடைக்குள் செல்லும் குடிநீர்க் குழாயைக் கண்டால் அந்த வாரமே மாற்றுங்கள். 2019இல் தொடங்கிய குடிநீர் இயக்கம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்தது. அளவோடு தூய்மையையும் கேட்பது நம் கடமை. மூன்றாவது, பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கை கழுவும் இடத்தில் சோப்பு உண்டா என்று பாருங்கள். நான்காவது, பள்ளித் தோட்டத்தில் முருங்கையும் கீரையும் வளர்த்துச் சத்துணவுக் கூடத்துக்குக் கொடுங்கள். 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவு, 1982இல் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. அரசு அரிசியும் பருப்பும் அனுப்பலாம். அன்று பறித்த கீரையை ஊரார்தாம் கொடுக்க முடியும். ஐந்தாவது, கிராம சபைக் கூட்டத்தில் வரவு செலவு படிப்பதைப் போலவே, அந்தக் காலத்தில் ஊரில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டது, எந்தத் தெருவில் கண்டது என்பதையும் படியுங்கள். எந்தத் தெருக் குழாய் கெட்டிருக்கிறது என்பதை அந்தக் கணக்கே காட்டிவிடும்.

அன்பர்களே! பட்டுச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து, கோர்வையால் பிரியாதபடி இணைக்கும் கைத்திறன் இந்த ஊருக்கு உரியது. குடல் நலத்திலும் வீடு ஒரு பாதியையும் ஊராட்சி மறு பாதியையும் நெய்ய வேண்டியிருக்கிறது. வீட்டில் கேழ்வரகும் கீரையும் பயறும் மோரும் வேண்டும். ஊரில் தூய நீரும் கழிப்பறையும் தோட்டமும் வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் துணி பிரிந்துவிடும். இன்று வீடு திரும்பியதும் தாய்மார்கள் கைப்பிடிக் கேழ்வரகை ஊறவையுங்கள். உறுப்பினர்கள் நாளைக் காலையில் நீர்த்தொட்டியின் ஏணியில் ஏறி உள்ளே பாருங்கள். இவ்வளவைச் செய்தாலே இன்று நாம் கூடிப் பேசியதற்குப் பயன் கிட்டிவிடும்.